500 கலோரி நாளில் வேலைக்கு என்ன கட்டிக்கொண்டு போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைவாகவும் மற்ற ஐந்து நாள் வழக்கம்போலவும் சாப்பிடும் முறையை நான்கு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். சிங்கப்பூரில் பாய லேபார் வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கூட வேலை செய்பவர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், என் நாத்தனார் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்சாப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதியதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைப் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

விரதம்னா ஒண்ணும் சாப்பிடக் கூடாதுதானே? இதுல 500 கலோரி எங்கேருந்து வந்தது?

நம் வீடுகளில் சஷ்டிக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஒருபொழுது இருப்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும் முறைதான் இது. முழுப் பட்டினி கிடையாது. 5:2 என்று சொல்வார்கள். 2012ல் மைக்கேல் மோஸ்லி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியாளர் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் பேசிய பிறகு உலகெங்கும் பரவியது. குறைக்கும் நாளில் பெண்களுக்கு 500 கலோரி, ஆண்களுக்கு 600. வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறக்குறைய கால்பங்கு.

இதில் மாயம் எதுவும் இல்லை. தினமும் கொஞ்சம் குறைப்பவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாள் நிறையக் குறைப்பவர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தினமும் கட்டுப்பாடாக இருக்க முடியாமல், 'இன்று ஒரு நாள்தானே' என்றால் முடிகிறவர்களுக்கு இது பொருந்தும். எனக்கு அப்படித்தான் பொருந்தியது.

யார் இதைச் செய்யவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், சாப்பாட்டோடு மனப் போராட்டம் இருந்தவர்கள் (தன்னைப் பட்டினி போடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்றவை). இவர்களுக்கு வேண்டாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று எதற்காவது மருந்து எடுத்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

எந்த ரெண்டு நாளை எடுத்துக்கிறது?

அடுத்தடுத்த இரண்டு நாள் வேண்டாம். நான் திங்களும் வியாழனும் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் குழுவாகச் சாப்பிடப் போவது இங்கே பல அலுவலகங்களில் பழக்கம். சாயந்திரம் கோயிலுக்குப் போனால் பிரசாதம் வேறு. அந்த நாளில் போய் ஏன் போராட வேண்டும்?

ஞாயிறு இரவு, அந்த வாரத்தின் கூட்டங்கள் எல்லாவற்றையும் கைபேசி நாட்காட்டியில் பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் மூன்று நாட்களில் நான் இதைத் தொடுவதே இல்லை. இரவு ஒன்பது வரை உட்காரும் நாளில் பசியோடு எண்களைப் பார்த்தால் தவறுதான் வரும்.

500 கலோரின்னா எவ்வளவு சாப்பாடு? கண்ணால பார்க்கிற மாதிரி சொல்லுங்க.

உணவங்காடியில் ஒரு தட்டுக் கோழிச் சோறு ஏறக்குறைய 600 கலோரி. அதாவது நாள் முழுவதற்கும் உள்ளதைவிட அதிகம். அதே 500க்குள் என் திங்கட்கிழமையைச் சொல்கிறேன். மதியம் அவித்த முட்டை இரண்டு (150), வெள்ளரி, தக்காளி, வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிந்த ஒரு பெட்டி (40), ஒரு குவளை ரசம் (40). இரவு கொடுவா மீன் 100 கிராம் ஆவியில் வேகவைத்தது (110), ஒரு தட்டு நிறையக் கீரைப் பொரியல் (75), கடைசியில் பப்பாளித் துண்டுகள் 150 கிராம் (60). கூட்டினால் 475. தட்டில் பார்த்தால் குறைவாகவே தெரியாது.

எல்லோரும் சோற்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது எண்ணெயைப் பார்த்து. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. முதல் மாதம் எடை அசையவே இல்லை என்றபோது, பொரியலுக்கு வழக்கமாகக் கை சாய்க்கும் எண்ணெயை வாணலிக்குப் பதில் ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். பிறகு தேக்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். ஏழு. 280 கலோரி, கீரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல். அன்றிலிருந்து எண்ணெய்ப் போத்தல் பக்கத்திலேயே ஒரு தேக்கரண்டி இருக்கிறது. கடுகு தாளிக்க ஒரு தேக்கரண்டி போதும். வாணலியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓரிடத்தில் சேரும், கடுகு நன்றாகவே பொரியும். அப்புறம் கீரையைப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள்.

பசியாறாம காலைல எப்படி வேலை செய்யறது?

பசியாறல் கட்டாயம் என்றால் பசியாறுங்கள். 500ஐ மூன்றாகப் பிரித்துச் சாப்பிடுபவர்களும் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் மூன்று முறையும் பசி தீராது. காலையை விட்டுவிட்டு, மதியம் ஒன்றுக்கும் இரவு ஏழுக்கும் இரண்டு உருப்படியான வேளைகள் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாக வருகிறது.

பத்தரை மணிக்கு ஒரு பசி வரும். கீழ்க்கடையில் பரோட்டா தட்டும் சத்தமும் அந்த நெய் வாசமும் மின்தூக்கிக்குள்ளேயே ஏறி வரும் நேரம் அது. அந்தப் பசி ஏறிக்கொண்டே போகாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறிப் பிறகு தானாக இறங்கும். ஒரு பெரிய குவளை வெந்நீர் குடித்துவிட்டு, கையிலிருக்கும் வேலையை முடியுங்கள். முதல் இரண்டு வாரம் கடினமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம் பத்தரை மணி கடந்துபோனதே தெரியாது.

கோப்பி, தே குடிக்கலாமா? அது இல்லாம என்னால முடியாது.

குடிக்கலாம், ஆனால் எப்படிச் சொல்லி வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியே 60 கலோரிக்கு மேல். ஒரு குவளை 100ஐத் தாண்டிவிடும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'கோப்பி ஓ கொசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை, ஏறக்குறைய 5 கலோரிதான். பால் இல்லாமல் இறங்கவே இறங்காது என்றால் 'கோப்பி சி கொசோங்': சீனி சேர்க்காத ஆவிப்பால், 40 கலோரி அளவில் வரும். 'சியூ தாய்' என்பது சீனி குறைவு மட்டும்தான், இல்லை என்று அர்த்தம் கிடையாது. தேக்கும் இதே சொற்கள்தான்.

கடைப் பானங்களில் இருக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்தை நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். அது சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்துத் தரும் தரம். அடைத்து விற்பவற்றுக்கு 2022 இறுதியிலும் கடையில் கலந்து தருபவற்றுக்கு 2023 இறுதியிலும் நடைமுறைக்கு வந்தது. 'டி' என்றால் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி, அல்லது நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். நல்ல வழிகாட்டிதான், ஆனால் அது மொத்தக் கலோரியைச் சொல்லாது. 'பி' பானமும் பெரிய குவளையில் குடித்தால் சேரும்.

அலுவலகப் பேன்ட்ரியில் இருக்கும், கோப்பித்தூள், பால்மாவு, சீனி மூன்றும் கலந்த பொட்டலங்களைத் தொடாதீர்கள். 'இது வெறும் தண்ணிதானே' என்று மூன்று குடித்துவிட்டு அன்று விரதம் இருந்ததாக நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆபீசுக்கு என்ன கட்டிட்டுப் போறது?

எது கட்டுகிறீர்கள் என்பதைவிட, எப்போது கட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். முன்தின இரவே கட்டிவிடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு, பசியோடு வரிசையில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு ஒருநாளும் சரியாக வராது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெட்டியை நிரப்பும்போது மூன்றைப் பாருங்கள்: புரதம் ஒன்று, தண்ணீர்ச்சத்துள்ள காய் நிறைய, சூடாகக் குடிக்க ஒன்று. இந்தச் சூடு பலருக்கும் விட்டுப்போகிறது. குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்து குளிர்ந்த சாலட் சாப்பிட்டால் வயிறு நிறைந்தாலும் மனம் நிறையாது. குடுவையில் ரசமோ தெளிவான முருங்கைக்கீரைச் சூப்போ கொண்டுபோனால், அந்த மிளகு-சீரக வாசத்திலேயே பாதிப் பசி அடங்கும்.

மாற்றிக்கொள்ளச் சில: இட்லி இரண்டு (120), தேங்காய்ச் சட்னிக்குப் பதில் காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம் (100). தோல் நீக்கிய கோழி நெஞ்சுத் துண்டு 100 கிராம், மிளகு போட்டு வேகவைத்தது (165). சுரைக்காயோ புடலங்காயோ போட்ட பாசிப்பருப்புக் கூட்டு, பருப்பு 40 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி (210). பருப்பைச் சமைப்பதற்கு முன் எடை போடுங்கள், வெந்த பிறகு போட்டால் தண்ணீரும் சேர்ந்து கணக்குக் குழம்பும். சமையல் தராசு ஒன்று வாங்குவது வீண்செலவு இல்லை.

சமைக்க நேரமே இல்ல. கீழ இருக்கிற உணவங்காடியில என்ன வாங்கலாம்?

முதல் தெரிவு மீன் சூப். பொரிக்காத மீன்துண்டு, பால் சேர்க்காத சூப், மீஹூன் (அரிசிச் சேமியா) வேண்டாம், காய் கூடுதல் என்று சொல்லுங்கள். 200 கலோரி அளவில் முடிந்துவிடும். இரண்டாவது யொங் தாவ் ஃபூ, காயும் தோஃபுவும் நாமே பொறுக்கிக் கொடுத்தால் வேகவைத்துத் தருவது. அதில் எடுப்பது உங்கள் கை. தோஃபு, பாகற்காய், வெண்டைக்காய், காளான், காங்கோங் கீரை எடுங்கள். பொரித்த தோஃபுத் தோலையும் மீன் உருண்டைகளையும் விடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா குழம்பு வேண்டாம், சூப் போதும், இனிப்புச் சாற்றைத் தனியாகக் கேளுங்கள். இரண்டிலும் உப்பு அதிகம், அதனால் சூப் முழுவதையும் குடிக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைத்தான் பரிந்துரைக்கிறது.

நம் கடைகளில் கொஞ்சம் வாய் திறந்து கேட்க வேண்டும். 'அண்ணே, ரெண்டு இட்லி, சாம்பார் தனியா, சட்னி வேணாம்' என்றால் மறுக்கவே மாட்டார்கள். கலப்புச் சோற்றுக் கடையில் கீரை வாங்கினால் எண்ணெய் வடியும். கரண்டியைச் சட்டி ஓரத்தில் கொஞ்சம் பிடித்துவிட்டுப் போடச் சொல்லலாம்.

பேரங்காடியில் பொட்டலம் வாங்கும்போது லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பொட்டலத்துக்குள் இரண்டு பரிமாறல் இருக்கக்கூடும். கிலோஜூல் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அது கலோரியைப்போல நான்கு மடங்குக்கும் கொஞ்சம் மேல் என்பதால் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. எனக்கு வழி இருக்கா?

இருக்கிறது. மென்தோஃபு 150 கிராம் 90 கலோரிக்குள் வரும். இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் சோயா சாறு விட்டு ஆவியில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. தாவ் குவா எனும் கெட்டித் தோஃபு என்றால் 100 கிராம் 140 அளவு. மேலே சொன்ன பாசிப்பருப்புக் கூட்டு, சுண்டல் (தேங்காய் இல்லாமல்), மோர் இவற்றை வைத்து வாரம் முழுக்கச் சமாளிக்கலாம். நான்கு மேசைக்கரண்டி தயிரை ஒரு சொம்பு தண்ணீரில் கரைத்து, உப்பும் கறிவேப்பிலையும் போட்டால் 40 கலோரிக்குள் இரண்டு குவளை.

வடை, சேமியாப் பாயசம், உருளை வறுவல் எல்லாம் விரதச் சாப்பாடுதான், ஆனால் குறைகலோரிச் சாப்பாடு இல்லை. சைவம் என்பதால் மட்டும் கலோரி குறையாது.

நாலு மணியானா தலை வலிக்குது. ஏன்?

பெரும்பாலும் தண்ணீர் குறைவு, அல்லது காலையில் வழக்கமாகக் குடிக்கும் கோப்பியை அன்று மட்டும் நிறுத்தியது. சாப்பாடு குறைந்தால் அதோடு வரும் தண்ணீரும் உப்பும் குறைகின்றன. கொசோங் கோப்பியை வழக்கமான நேரத்திலேயே குடியுங்கள், மதியம் மூன்றுக்கு உப்புப் போட்ட மோர் ஒரு குவளை. நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் அது வெறும் தலைவலி இல்லை. உடனே சாப்பிடுங்கள், அன்றைய கணக்கை மறந்துவிடுங்கள்.

பிறந்தநாள்னு கேக் வெட்டறாங்க. மேலதிகாரி திடீர்னு சாப்பிடக் கூப்பிடறார். என்ன பண்றது?

கேக்கை வாங்கிக்கொள்ளுங்கள், 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், பிள்ளைக்குப் பிடிக்கும்' என்று சொல்லுங்கள். விரதம் என்று விளக்கப் போனால் அது பதினைந்து நிமிடப் பேச்சாகிவிடும். தீபாவளிப் பலகாரத் தட்டு வரும் வாரத்தில் நாளையே மாற்றிவிடலாம்.

மேலதிகாரியோ வாடிக்கையாளரோ கூப்பிட்டால் போங்கள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். விரதத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கட்டிவந்த பெட்டியைப் பேன்ட்ரிக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த நாளுக்கு ஆகும்.

எனக்கு இரவு ஷிஃப்ட். நாள்னா எதை நாள்னு கணக்கு வைக்கிறது?

நாட்காட்டியை விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்ததிலிருந்து அடுத்து தூங்கப் போகும் வரை ஒரு நாள். இரவு எட்டுக்கு வேலை என்றால் ஏழுக்கு ஒரு வேளை, அதிகாலை இரண்டுக்கு இன்னொன்று. ஷிஃப்ட் மாறும் முதல் நாளில் வேண்டாம், உடம்பு அன்று தூக்கத்துக்கே திண்டாடும்.

நான் கட்டுமானத் தளத்துல வேலை செய்யறேன், தம்பி கப்பல் பட்டறையில. நாங்க செய்யலாமா?

வேலை நாளில் வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். உயரத்திலும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வெயிலிலும் நிற்பவர்களுக்கு ஒரு நிமிடத் தலைசுற்றல் போதும், ஆபத்தாகிவிடும். வெப்ப அளவு கூடும்போது வெளியில் கடும் வேலை செய்பவர்களுக்கு மணிக்கு மணி ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சே விதித்திருக்கிறது. வெயில் உடம்பை எவ்வளவு வாட்டும் என்பதற்கு அதுவே போதும். எடை குறைக்க வேண்டும் என்றால் விடுமுறை நாளில் ஒரு நாள் செய்யுங்கள். மற்ற நாளில் சீனிப் பானத்தை மட்டும் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

அலுவலக வேலைக்குப் பிறகு உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்கள், அந்த நாளில் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறேன். கொஞ்சமா குறைச்சா ஒண்ணும் ஆகாதுதானே?

ஆகலாம். இன்சுலின், கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்றவை நீங்கள் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் சாப்பாட்டை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் வேறொரு ஆபத்து உண்டு. பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல், மாத்திரைப் பட்டியலோடு போய், 'வாரத்தில் இரண்டு நாள் 500 கலோரி சாப்பிட விரும்புகிறேன், மருந்தளவை மாற்ற வேண்டுமா' என்று இதே சொற்களில் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்கும்போது 4.0 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். மேசை இழுப்பறையில் இனிப்பு இருக்கட்டும். பக்கத்தில் உட்காருபவரிடமும் சொல்லிவையுங்கள்.

மறுநாள் பிரியாணி சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஒரு தட்டு. மறுநாள் வழக்கமான நாள்தான், ஈடுகட்டும் நாள் இல்லை. காலையில் ஒழுங்காகப் பசியாறிவிட்டால் மதியம் அவ்வளவு வெறி இருக்காது. முட்டையோடு தோசை சாப்பிட்டுப் பாருங்கள்.

எட்டு வாரமாச்சு, எடை இறங்கவே இல்ல.

முதலில் மேலே சொன்ன எண்ணெய்ச் சோதனையை வீட்டில் செய்யுங்கள். அடுத்து ஒரு வாரம் குடித்ததையெல்லாம் எழுதுங்கள், சாப்பிட்டதை அல்ல. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் விடை இருக்கும். மூன்றாவதாகச் சனி, ஞாயிறில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் உடல் நிறைக் குறியீடு ஏற்கெனவே 23க்குக் கீழே இருந்தால் இறங்க வேண்டிய அவசியமே இல்லாமலிருக்கலாம். நம்மைப்போன்ற ஆசியர்களுக்கு இங்கே 23க்கு மேல் போனால்தான் ஆபத்து கூடுவதாகக் கணக்கிடுகிறார்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கேன். அதோட இதையும் சேர்த்துச் செய்யலாமா?

சேர்க்காதீர்கள். பால்குடத்துக்கோ காவடிக்கோ ஒருவேளைச் சைவச் சாப்பாட்டில் இருப்பவர், ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலில் நடக்கப் போகிறவர். அந்த ஒருவேளையை 500ஆகக் குறைத்தால் உடம்பு தாங்காது. நேர்த்திக்கடன் முடியும்வரை கலோரிக் கணக்கை எடுத்து வைத்துவிட்டு, அந்த ஒருவேளையில் பருப்பு, தயிர், காய் நிறையச் சேர்த்து வயிறாரச் சாப்பிடுங்கள். என் சித்தி அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டில் எப்போதும் ஒரு கிண்ணம் கெட்டிப்பருப்பைத் தனியாக வைத்துக்கொள்வார். நானும் அப்படியே செய்கிறேன். 5:2ஐப் பூசம் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து தொடரலாம்.